தேம்ஸ் கரையில் ஒரு வாங்கு: நினைவு இருக்கை வைக்க விரும்புகிறவர்களுக்கு

அப்பா போய் ஏழாம் மாதம், தம்பிதான் முதலில் சொன்னான். "அப்பா நடக்கிற ஆத்தங்கரையில அவற்ற பேரில ஒரு வாங்கு போடுவம். ஒரு ஃபோன் அடிச்சால் முடியிற வேலை." பதினான்கு மாதம் எடுத்தது. அதில் பாதி எங்கள் அறியாமையால் போன காலம். பிறகு லண்டனில் எங்கள் ஆட்கள் நாலைந்து குடும்பம் என்னிடம் இதையே விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் களைத்து, இப்போது எழுதியே வைக்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வாங்கு என்றால் பெஞ்சு. போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல்.

இங்கிலாந்தில் பூங்கா, ஆற்றங்கரை, கடற்கரை எங்கே போனாலும் முதுகுப் பலகையில் சின்னத் தகடு பதித்த இருக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயர், ஆண்டு, 'இந்த இடத்தை நேசித்தவர்' என்று ஒரு வரி. எங்கள் ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவார்களே, ஏறக்குறைய அதே எண்ணம்தான். வழிப்போக்கர் சுமையை இறக்கி ஆற ஓர் இடம், இறந்தவர் பெயரில். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சுமைதாங்கி நின்றால் நின்றதுதான். இங்கே வாங்கு தவணைக்கு. அநேகமான இடங்களில் பத்து வருடம். காசு நீங்கள் கொடுத்தாலும் பொருள் கவுன்சில் என்கிற உள்ளூராட்சி சபையுடையது. அதில் யாரும் இருக்கலாம், யாரையும் எழுப்ப முடியாது. இதை மனம் ஏற்கவில்லை என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரம் நடுங்கள், அதுவும் நல்ல காரியம்தான்.

முதலில் வீட்டில் கேளுங்கள்

விண்ணப்பப் படிவத்துக்கு முன் இது. நாங்கள் கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னோம். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "அப்பாவின்ர பேரைப் பலகையில போட்டால் வாறவை போறவை எல்லாரும் அதில முதுகு சாய்ப்பினமெல்லே?"

எங்கள் ஒருவருக்கும் பதில் இல்லை. உண்மையில் தகடு வழக்கமாக முதுகுப் பலகையின் மேல் சட்டத்தில்தான் வரும். சாய்கிறவரின் முதுகு அதில் படும். கால் படாது என்று சொல்லிப் பார்த்தோம். அதுவும் உறுதியில்லை, பெடியங்கள் ஏறி நிற்பார்கள். கடைசியில் அம்மாவை ரிச்மண்ட் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மேல் நடைபாதை நெடுக வாங்குகள், அநேகமாக எல்லாவற்றிலும் தகடு. ஒன்றில் ஒரு கிழவர் நாயோடு இருந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் காகிதப் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்து, ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். அம்மா இருந்தார். காரில் திரும்பும்போது, "அப்பாவும் உப்பிடித்தான் அரங்கி இடம் விடுவார்" என்றார். அதுதான் சம்மதம். அந்தப் பயணத்தை முதல் வாரத்திலேயே போயிருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

நிலம் ஆருடையது?

ஆற்றங்கரை ஒரே கரைபோலத் தெரியும். பத்து நிமிடம் நடப்பதற்குள் மூன்று உரிமையாளர் மாறுவார்கள். ரிச்மண்ட் கவுன்சில் தேம்ஸின் இரு கரையிலும் பரந்திருக்கிற ஒரே லண்டன் கவுன்சில். அதற்குத் தெற்கே கிங்ஸ்டன் கவுன்சில். ஹாம் ஹவுஸ் மாளிகையும் அதைச் சுற்றிய தோட்டமும் 1948 முதல், பழைய மாளிகைகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் என்கிற தொண்டு நிறுவனத்தின் கையில். கியூ தாவரத் தோட்டத்துக்கு அதன் சொந்த நினைவு இருக்கைத் திட்டம் இருக்கிறது. அரச பூங்காக்கள் தனி நிர்வாகம்.

ஆற்றுக்கும் இரண்டு சொந்தக்காரர். டெடிங்டன் மடைக்குச் சற்றுக் கீழே கரையில் ஒரு சின்னக் கல்தூண் நிற்கிறது. 1909-இல் லண்டன் துறைமுக அதிகார சபை உருவானபோது நட்ட எல்லைக்கல். அதற்குக் கீழே ஆறு அந்தச் சபையின் பொறுப்பு, மேலே இப்போது சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. வாங்கு கரையில்தான் வரும் என்பதால் இது உங்களை நேரடியாகத் தொடாது. ஆனால் தண்ணீர் விளிம்பை ஒட்டிய இடம் கேட்டால் இவர்களையும் கேட்க வேண்டி வரலாம்.

செய்ய வேண்டியது இதுதான். விருப்பமான இடத்தில் நின்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து இடக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிற குப்பைத் தொட்டியிலோ அறிவிப்புப் பலகையிலோ ஆருடைய சின்னம் இருக்கிறது என்று படம் பிடியுங்கள். அந்த நிர்வாகத்தின் பூங்காப் பிரிவுக்கு இரண்டையும் அனுப்பி, 'இந்த இடம் உங்களுடையதா, இங்கே நினைவு இருக்கை வைக்கலாமா' என்று மட்டும் கேளுங்கள். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை முதல் மின்னஞ்சலில் எழுத வேண்டாம். நான் எழுதினேன். அனுதாபத்தோடு பதில் வந்தது, 'இந்த நிலம் எங்களுடையதல்ல' என்று.

இடம்: நின்று பார்க்காதீர்கள், இருந்து பாருங்கள்

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். இடத்தைத் திருத்த முடியாது.

நிற்கிறவருக்குத் தெரிகிற ஆறு இருக்கிறவருக்குத் தெரியாது. வாங்கில் இருக்கும்போது கண் நிலத்திலிருந்து நாலடி உயரத்தில்தான் வரும். கரையோரத் தடுப்புச் சுவரோ செடி வேலியோ அதற்கு மேலே இருந்தால், உங்கள் அப்பா பெயரில் ஒரு சுவரைத்தான் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நகர மையத்தில் விக்டோரியா கரைச்சாலையில் 1870-களில் வைத்த வார்ப்பிரும்பு வாங்குகளைப் பாருங்கள், கைப்பக்கங்களில் ஒட்டகமும் ஸ்பிங்க்ஸும் உள்ளவை. கல்மேடையில் படியேறி இருக்கிற மாதிரித் தூக்கி வைத்திருக்கிறார்கள், கரைச்சுவருக்கு மேலால் ஆறு தெரிய. உங்களுக்கு மேடை கட்டித்தர ஆரும் வரமாட்டார்கள். அதனால் ஒரு மடிப்புக் கதிரையைக் கொண்டுபோய், விரும்பிய இடத்தில் போட்டு, அரை மணித்தியாலம் இருங்கள். ஆட்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒரு தடவை போதாது. ஆடியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. குளிர்காலத்தில் இலை கொட்டிய மரங்களினூடாகப் பளீரென்று தெரிந்த ஆறு, யூலையில் காணாமல் போகும். வில்லோ மரம் தழைத்துவிடும். கரையில் முட்காஞ்சோன்றி இடுப்பளவு. ஹிமாலயன் பால்சம் என்று ஊதாப் பூப் பூக்கிற ஓர் அந்நியச் செடி கோடையில் ஆளுயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும். இவற்றை உங்களுக்காகக் கவுன்சில் வெட்டாது. வெட்டும் என்று எங்கேயும் எழுதித் தரவும் மாட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். டெடிங்டன் வரை தேம்ஸ் வற்றுப்பெருக்கு ஆறு. நாளுக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் இறங்கும். லண்டன் பாலத்தடியில் பெரிய பெருக்குக்கும் வற்றுக்கும் ஏழு மீற்றர் வரை வித்தியாசம். காலை பத்து மணிக்கு நிரம்பித் ததும்பிய இடம் பின்னேரம் சேறாகக் கிடக்கும். ரிச்மண்டில் 1894-இல் கட்டிய மடை ஒன்று இருக்கிறது. பெருக்கு நேரத்தை ஒட்டிய சில மணித்தியாலம் கதவுகளை உயர்த்திவிட்டு, மற்ற நேரம் இறக்கி வைத்து, மேலே டெடிங்டன் வரை தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். அதனால் அந்த இரண்டு மடைக்கும் இடையே வாங்கு வைத்தால் வருடத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் தெரியும். மழைக்காலத் தொடக்கத்தில் சில வாரம் பராமரிப்புக்காகக் கதவுகளைத் திறந்தே விடும்போது மட்டும் அடிக்கல்லும் பழைய சைக்கிளும் வெளியே வரும். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆற்றின் வயிற்றைப் பார்க்கிற மாதிரி.

அமாவாசை, பறுவம் (பௌர்ணமி) கழிந்த ஓரிரு நாள் பெரும்பெருக்கு. ரிச்மண்ட், ட்விக்கன்ஹாம் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறி, விசயம் தெரியாமல் நிறுத்திய கார்கள் நனைவது வழமை. விருப்பமான இடத்தை ஒரு பறுவத்துக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள். நிலத்தில் தண்ணீர் ஏறிய கறை தெரிந்தால், மரக்கால்கள் வருடத்தில் பல தரம் நனையும். அம்மா நாட்காட்டியைப் பார்த்து அந்த நாளைச் சொன்னார். எனக்கு அலை அட்டவணை இணையத்தில் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

ரிச்மண்ட், கியூ பக்கம் ஆகாய விமானச் சத்தமும் உண்டு. மேற்குக் காற்று வீசுகிற நாட்களில் ஹீத்ரோவில் இறங்குகிற ஓடுபாதையைப் பின்னேரம் 3 மணிக்கு மாற்றுவார்கள். காலையில் அமைதியாக இருந்த இடம் மூன்று மணிக்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கொரு விமானமாக மாறலாம். இரண்டு நேரமும் போங்கள்.

இன்னும் சில: பேருந்து நிறுத்தத்திலிருந்து அம்மாவின் வேகத்தில் எவ்வளவு தூரம், பாதை கல்லா சேறா, பக்கத்தில் கழிப்பறை உண்டா. உங்களுக்கே எழுபது வயது வரும்போது அங்கே போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி.

பெயர்பெற்ற இடங்களில் புதிதாக இடம் கிடைப்பது அரிது. ரிச்மண்ட் குன்றிலிருந்து ஆறு வளைகிற அந்தக் காட்சியை 1902-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். இங்கிலாந்தில் ஒரு காட்சிக்கு அப்படிச் சட்டம் இருப்பது அங்கே மட்டும்தான். ஓவியர் டர்னர் வந்து நின்று வரைந்த இடம். எல்லாருக்கும் அங்கேதான் வேண்டும். 'புதிய இருக்கைக்கு இடமில்லை' என்று பதில் வந்தால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: 'தவணை முடிந்த பழைய இருக்கை ஏதும் உண்டா?' பல இடங்களில் அப்படிக் கிடைக்கும், செலவும் குறையும். எங்கள் வாங்கு அப்படி வந்ததுதான். குன்றில் இல்லை, கீழே, ஹாம் பக்கத்துப் பாதையில். அப்பா குன்றேறியதே இல்லை, முழங்கால் விடாது.

காசும் காகிதமும்

இடத்துக்கு இடம் விலை மாறும். பொதுவாக ஆயிரம் பவுணுக்கும் மூவாயிரத்துக்கும் இடையே வரும். மிகப் பிரபலமான தோட்டங்களில் அதற்கும் மேலே. விலையைக் கேட்கும்போதே இவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: 20 சதவீத வரி அதற்குள் அடக்கமா; பொருத்துகிற கூலியும் அடியில் போடுகிற கொங்கிறீற்றும் அடக்கமா; எத்தனை வருடம்; தவணைக்குள் உடைந்தால், எரித்தால், களவு போனால் ஆர் செலவு; தவணை முடிந்ததும் தகடு எங்கள் கைக்கு வருமா.

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

குடும்பத்தில் காசு சேர்க்கிறீர்கள் என்றால் ஒரே ஆள் பெயரில் விண்ணப்பியுங்கள். நாலு பேர் நாலு மின்னஞ்சல் அனுப்பினால் கவுன்சில் உத்தியோகத்தருக்குத் தலை சுற்றும். ஆட்டைத் திவசத்துக்குள் (முதலாண்டு நினைவு நாளுக்குள்) முடிக்க வேண்டும் என்று கனடாவிலிருந்து மாமாவுக்கு விமானச் சீட்டும் போட்டுவிடாதீர்கள். மரம் வரவேண்டும், தகடு வரவேண்டும், நிலம் காயவேண்டும். ஆறு மாதம் என்று சொன்னால் ஒன்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம்

அநேகமாக உங்களுக்குத் தெரிவு இராது. கவுன்சில் ஒரே மாதிரி வாங்குகளைத்தான் வைக்கும். தெரிவு இருந்தால் தேக்கு அல்லது ஓக். இரண்டும் எண்ணெயோ வார்னிஷோ இல்லாமலே வெளியில் பல வருடம் நிற்கும். நிறம் மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் சாம்பல் வெள்ளியாகும். அதைப் பழுது என்று நினைத்து எங்கள் சித்தப்பா ஒரு வார்னிஷ் டப்பாவோடு புறப்பட்டார், பாதி வழியில் மறித்தோம். வார்னிஷ் அடித்தால் உரிந்து உரிந்து அசிங்கமாகும், அனுமதியும் கிடையாது. ஓக் என்றால் ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு பட்டால் ஓக்கிலுள்ள துவர்ப்பு கறுப்புக் கறையாக வடியும். மீள்சுழற்சிப் பிளாஸ்ரிக் வாங்கும் உண்டு. உக்காது, வெள்ளம் ஏறுகிற கரைக்கு அதுதான் புத்தி. தேக்கு கேட்டால் பொறுப்பாக வளர்த்த மரம் என்கிற எஃப்.எஸ்.சி முத்திரையையும் கேளுங்கள்.

கைப்பிடி வையுங்கள். வயதானவர் எழும்புவதற்குக் கைப்பிடி வேண்டும், இரண்டு பக்கமும். பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க ஒரு மீற்றர் இடம் விடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

தகடு: தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால்

ஆங்கிலத்தில் மட்டும் என்றால் இந்தப் பகுதி வேண்டாம், பத்து நிமிட வேலை. தமிழ் வேண்டும் என்றால் ஆறுதலாக வாசியுங்கள். எங்களுக்கு நாலு மாதம் போனது இங்கேதான்.

முதல் தடை, எண்ணிக்கை. விண்ணப்பப் படிவத்தில் இத்தனை எழுத்துக்குள் என்று இருக்கும். கணினி எங்களைப்போல எண்ணாது. மெய்க்குப் புள்ளியைத் தனியாக எண்ணும், காலையும் கொம்பையும் தனியாக எண்ணும். 'அப்பா' எங்களுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. 'தோற்றம்' எங்களுக்கு நாலு, கணினிக்கு ஏழு. இடைவெளியும் கணக்கில் சேரும். ஆகவே படிவத்தில் 'எழுத்து மிஞ்சிவிட்டது' என்று சிவப்பில் வந்தால் பயப்படாதீர்கள். தகட்டில் பிடிக்கிற அகலம்தான் முக்கியம், எண்ணிக்கை இல்லை என்று விளக்கி, நீங்கள் வடிவமைத்த படத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலமல்லாத வாசகத்துக்கு ஆங்கிலப் பொருள் கேட்பார்கள். நியாயம்தான், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பொது இடத்தில் பதிக்க முடியாது. நாங்கள் எழுதியது பெயர், தோற்றம், மறைவு, கீழே 'இங்கே இருந்தார்.' அவ்வளவுதான். இதை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். 'இருந்தார்' என்பது எங்கள் பேச்சில் அமர்ந்தார், வாழ்ந்தார் இரண்டும்தானே. ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர வேண்டும். தம்பி அமர்ந்தார் என்றான், நான் வாழ்ந்தார் என்றேன். இரண்டையும் எழுதி, 'இரண்டு பொருளும் உண்டு' என்று குறிப்புப் போட்டு அனுப்பினோம். அந்தப் பகுதி உத்தியோகத்தர் தொலைபேசியிலே அழைத்து, இரண்டு பொருளும் ஒரே சொல்லிலா என்று கேட்டார். ஓம் என்றேன். அனுமதித்துவிட்டார்.

மூன்றாவதுதான் பொல்லாதது, எழுத்து வெட்டுதல். நாங்கள் வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினோம். தகடு வெட்டுகிற கடையிலிருந்து மாதிரிப் படம் வந்தது. 'மறைவு' என்பதில் ஐகாரக் கொம்பு 'ற'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தள்ளி, 'வு'வின் தலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. 'தோற்றம்' என்பதில் புள்ளிகள் எழுத்தின் மேல் ஏறாமல், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக. அந்தக் கடைக்காரருக்கு அது சரியான தமிழ். அவர் எப்படி அறிவார்? தங்கச்சி கண்டிராவிட்டால் அது அப்படியே பித்தளையில் ஏறியிருக்கும்.

காரணம் எளிது. தமிழில் தட்டச்சு செய்த வரிசை வேறு, கண்ணுக்குத் தெரிகிற வரிசை வேறு. அதை ஒழுங்குபடுத்திக் காட்டுகிற திறன் தகடு வெட்டுகிற பல மென்பொருள்களில் இல்லை. எங்கள் ஆட்களிடம் இன்னும் புழங்குகிற பாமினி எழுத்துருவில் அனுப்பினால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும்.

தீர்வு: எழுத்தாக அனுப்பாதீர்கள், உருவமாக அனுப்புங்கள். இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருளில் யூனிக்கோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, முழுவதையும் தெரிந்து, 'பாதையாக மாற்று' என்கிற கட்டளையைக் கொடுங்கள். அதற்குப் பிறகு அது எழுத்தில்லை, வெறும் கோட்டு வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. அதைப் பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்பி, 'இதை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டாம், இந்த வடிவத்தையே வெட்டுங்கள்' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எழுத்துரு தடிப்பானதாக இருக்கட்டும். மெல்லிய கோடு நாலு மழையில் மங்கும். 'ண', 'ழ', 'ஞ' போன்ற சுழி எழுத்துகள் சிறிய அளவில் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். என் அனுபவத்தில் எழுத்து எட்டு மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையக்கூடாது. பதினைந்து சென்ரிமீற்றர் அகலத் தகட்டில் நாலு வரிக்கு மேலே போகாதீர்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் எழுதுகிற மாதிரி 'மலர்வு – உதிர்வு', பிறந்த ஊர், வதிவிடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று அடுக்கினால் ஒன்றுமே வாசிக்க முடியாது. திதியையும் விடுங்கள். ஒவ்வொரு வருடமும் நாள் மாறும், வழிப்போக்கருக்கு விளங்காது. ஆண்டு போதும்.

மாதிரிப் படத்தைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூன்று பேருக்குக் காட்டுங்கள். அதில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். குடும்பத்தார் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து வாசிப்பார்கள், பிழை கண்ணில் படாது. காகிதத்தில் உண்மை அளவுக்கு அச்செடுத்து, ஏதாவது ஒரு வாங்கில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள்.

பித்தளை பழைய உலோகக் கடையில் காசாகும், அதனால் களவும் போகும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு மலிவு, களவெடுக்க ஆசை வராது. ஆனால் வெயிலில் கண்ணைக் கூசும். பலகையிலேயே எழுத்தை வெட்டித் தருகிற இடமும் உண்டு. தமிழுக்கு அதுதான் அழகு என்பேன். ஓக் பலகையில் ஆழமாக வெட்டிய எழுத்து எங்கள் ஏட்டெழுத்துபோல நிற்கும். செலவு கூட. எங்கள் இடத்தில் அனுமதிக்கவில்லை.

சாம்பல், பூ, விளக்கு

வாங்கும் சாம்பலும் வேறு வேறு விசயம். ஊருக்குக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கரைக்கிறவர்களும் உண்டு, இங்கேயே அந்தியேட்டி செய்து ஆற்றில் கரைக்கிறவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஆற்றில் சாம்பல் கரைக்கச் சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் கேட்டுக்கொள்கிற ஒழுங்குகள் உண்டு. குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேலே ஒரு கிலோமீற்றருக்குள் கூடாது. மீன் பிடிக்கிறவர்கள், நீந்துகிறவர்கள் பக்கத்தில் கூடாது. காற்றான நாளில் கூடாது. பிளாஸ்ரிக், உலோகம் எதையும் தண்ணீரில் விடக்கூடாது. டெடிங்டனுக்கு மேலே ஹாம்ப்டன், வால்ட்டன் பக்கம்தான் லண்டனுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். எல்லைக்கல்லுக்குக் கீழே என்றால் துறைமுக சபையிடம் விசாரியுங்கள். கரை தனியாருடையது என்றால் அவர்களிடமும். வாங்கின் அடியில் மட்டும் கொட்டாதீர்கள். மண்ணுக்கும் புல்லுக்கும் கேடு, நிர்வாகங்கள் அனுமதிப்பதுமில்லை.

மாலை, சாமந்திச் சரம், மெழுகுதிரி, கண்ணாடிச் சட்டத்தில் படம் எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிடுவார்கள். முதல் வருடம் நாங்கள் கட்டிய மாலை இரண்டாம் நாள் இல்லை. அம்மாவுக்கு மனம் நொந்துபோனது. அதற்குப் பிறகு மாலையைக் கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் பக்கத்தில் வைத்திருந்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வீட்டுச் சாமித்தட்டில் வைக்கிறார். கற்பூரம் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது மரம்.

வைத்த பிறகு

வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில், ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்பு, மென்மையான தூரிகை. பச்சைப் பாசி நிழல் பக்கத்தில்தான் பிடிக்கும். தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சுகிற இயந்திரம் கொண்டு போகாதீர்கள், மரத்தின் நார் கிளம்பி நிற்கும். தகட்டைத் துணியால் துடையுங்கள். ஆணி கழன்றிருந்தால் நீங்களாக முறுக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள்.

2017 முதல் ஓப்பன்பெஞ்சஸ் என்று ஓர் இணைய வரைபடம் இருக்கிறது. உலகமெங்கும் இப்படியான வாங்குகளைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். விருப்பமென்றால் உங்களுடையதையும் ஏற்றுங்கள். வன்கூவரில் இருக்கிற பேரப்பிள்ளைக்குக் காட்ட உதவும். நாங்கள் ஏற்றவில்லை. ஆரோ முன்பின் தெரியாதவர் ஏற்றிவிட்டார், தமிழை அப்படியே தட்டச்சு செய்து, ஒரு பிழையில்லாமல்.

கடைசியாக ஒன்று. தவணை முடிகிறபோது கவுன்சில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும். நீங்கள் வீடு மாறி, மின்னஞ்சல் மாறி, பதில் போகாவிட்டால் தகட்டைக் கழற்றி, வாங்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நாங்கள் எடுத்ததும் அப்படிக் கைமாறியதுதான். பொருத்த வந்த நாளில் பார்த்தேன், முன்னைய தகடு இருந்த இடத்தில் மரம் மட்டும் சற்று வெளிறி, நாலு ஆணித்துளையோடு. புதுத் தகடு அதைவிடக் கொஞ்சம் சிறியது, ஓரத்தில் அந்த வெளிறல் இன்னும் தெரியும். எங்கள் தவணை 2032-இல் முடிகிறது. என்னுடைய முகவரியோடு, இப்போது பதினாறு வயதாகிற மருமகளின் (உடன்பிறப்பின் மகள்) மின்னஞ்சலையும் கொடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் 'இங்கே இருந்தார்' என்பதற்கு எழுதிக் கொடுத்த அந்த இரண்டு பொருளையும் ஒரு கடதாசியில் எழுதிக் கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.